நிக்கோலின் சுண்டுவிரல்

மழைக்காலம் பியானோவுக்கு ஆகாது, ஃபாதர் டேவிஸ். மைசூரில் சாரல் பிடித்துக்கொண்டால் கதவு உப்பிக்கொள்கிறது, தீப்பெட்டி நமத்துப்போகிறது. பியானோவின் கட்டைகளும் அப்படித்தான் கனத்துப்போகும். இந்த லஷ்கர் மொஹல்லா வீட்டு முன்னறையில் வெகுகாலமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நிக்கோலிடம் சொன்னபோது அவளும் மறுபேச்சு பேசாமல் நம்பிவிட்டாள்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிற ஈயத் துண்டுகளைப் பார்த்துவிட்டேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்க பெங்களூரிலிருந்து வந்த பசவராஜ் உள்ளேயிருந்து எடுத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்துக் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கோவில் ஆர்கனையும் பார்க்க வந்த இடத்தில் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். இதை யார் வைத்தது என்று கேட்கிறீர்கள். நான்தான் வைத்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஏன் என்பதை மட்டும் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். இதைப் பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முழங்காலில் நிற்கவில்லை, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நிக்கோலின் தாயார் ஜேனை உங்களுக்குத் தெரியும். மார்டள்ளி கிராமத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தபோது இங்கே தமிழர்கள் நாங்கள் எல்லோரும் தெருவில் தமிழில் வாய் திறக்கவே பயந்தோம். ஆஸ்பத்திரிக்கு அந்தக் கணக்கெல்லாம் உண்டா? வேலைக்குப் போகிற நாட்களில் ஜேன் மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். பத்து வயதுப் பெண். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் பெடலை மிதித்தபடி நான் வாசிப்பேன். அவள் பின்னால் நின்று பார்ப்பாள். ஒரு நாள் தானே ஏறி உட்கார்ந்து, நான் வாசித்ததைத் திருப்பி வாசித்தாள். தப்பில்லாமல் வாசித்தாள் என்று சொல்லமாட்டேன். தப்பு விட்ட இடங்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன.

அவர்கள் வீட்டில் பியானோ ஏது? இங்கேதான் பழகினாள். விடிந்ததும் வருவாள், பள்ளிக்கூடம் விட்டும் வருவாள். வாசல் சாவி ஒன்றை அவளுக்கே கொடுத்திருந்தேன். இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெண்ணுக்கு நான் கெடுதல் நினைத்தவன் என்று நீங்கள் முடிவுகட்டிக்கொண்டு வந்திருப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. கெடுதல் நினைக்கிறவன் வீட்டுச் சாவியைக் கொடுக்கமாட்டான்.

போன வருடம் அவள் எட்டாவது கிரேடுக்குத் தயாரானாள். லண்டனிலிருந்து பரீட்சகர் வந்து நடத்துகிற பரீட்சையில் அதுதான் கடைசிப் படி, அதற்குமேல் டிப்ளமோ. குன்னூர் பக்கத்தில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடம், எட்டாவது கிரேடை டிஸ்டிங்ஷனில் தாண்டினால் அவளைத் துணை ஆசிரியையாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தங்க இடம், சாப்பாடு, டிப்ளமோவுக்குப் படிக்க ஒரு வெள்ளைக்கார ஆசிரியை. ஜேன் அதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளோடு தானும் குன்னூருக்கு வேலை தேடிக்கொண்டு போவதாகக்கூட யோசனை இருந்தது. மொத்தத்தில் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எல்லாமே அந்தப் பரீட்சைதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நானும் டிப்ளமோ எழுதியவன்தான் ஃபாதர். என் வயதுக்காலத்தில் மதராஸ் போய் வாசித்தேன், தேறவில்லை. மறுபடி போனேன், தேறவில்லை. பரீட்சகர் என்னைப்பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: கவனமாக வாசிக்கிறார். வாசிக்கிற ஒருவனைப்பற்றி அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்லமுடியாது. தப்பு நிறைய என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பரீட்சைக்கு ஏ, பி, சி என்று மூன்று பட்டியல் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு எடுக்கவேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் வாத்தியாரின் சூட்சுமம் இருக்கிறது. பிள்ளையின் கையைப் பார்க்கவேண்டும், விரல் எவ்வளவு விரியும், எந்த விரல் சோம்பேறி, பயந்தால் எந்தக் கை முதலில் ஓடும் என்றெல்லாம் தெரியவேண்டும். சட்டை தைக்கிறவனைப்போல அளவெடுத்துப் பாட்டு எடுக்கவேண்டும். நிக்கோலின் கை எனக்கு மனப்பாடம். சின்னக் கை. எட்டுக் கட்டையை எட்டிப் பிடித்தால் அதற்குமேல் ஒரு நூல் விரியாது. விரல்கள் மட்டும் தண்ணீர்போல ஓடும்.

ஏ பட்டியலிலும் பி பட்டியலிலும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதமும் இல்லை. அவளுக்குப் பொருத்தமானதையே எடுத்தோம். சி பட்டியலில் அவளுக்கு ஒரு மெதுவான பாட்டின்மேல் ஆசை. அவள் கைக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. அதை வாசித்திருந்தால் அந்தப் பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஈஸ்டர் வந்தது. நீங்கள் பங்குக்கு வந்த புதிது. பாஸ்கா திருவிழிப்புக்கு ஆர்கனில் நிக்கோலை உட்காரவைத்தீர்கள். "மாஸ்டருக்கும் வயசாகுது, கொஞ்சம் ரெஸ்ட் குடுப்போம்" என்று பீடத்திலிருந்தே சொன்னீர்கள். ஜனங்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். நான் நாலாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து எல்லோரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். என்னிடமும் வந்து, உங்கள் சிஷ்யை என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். எரியத்தான் செய்தது. ஆனால் அதற்காக மட்டும் ஒருவன் எதையும் செய்துவிடுவதில்லை.

அடுத்த வாரம் சி பட்டியலில் வேறொரு பாட்டை நான் முன்வைத்தேன். வேகமான பாட்டு. நடுவில் வலது கைக்கு ஆக்டேவ் ஓட்டம். அதாவது கட்டைவிரல் ஒரு ஸ்வரத்திலும் சுண்டுவிரல் அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் விழவேண்டும், அப்படியே பக்கம் பக்கமாக ஓடவேண்டும். என் கைக்கு ஏற்ற பாட்டு. என் கை பெரியது, பாருங்கள். மெதுவான பாட்டுக்கு பரீட்சகர் தூங்கிவிடுவார், டிஸ்டிங்ஷன் வேண்டுமானால் இப்படி ஒன்று வேண்டும் என்றேன்.

"அந்தப் பாட்டு என் கைக்கு எட்டாது மாஸ்டர். ஸ்வல்ப கஷ்டம்" என்றாள்.

"எட்டவைக்கத்தானே நான் இருக்கிறேன்" என்று சொல்லி, அவளுக்கு வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். என் கைக்கு ஏற்ற பாட்டு என்று சொன்னேன் அல்லவா? நடுவில் சிக்கிக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தேன், அதே இடத்தில் சிக்கியது. அவள் பின்னாலிருந்து கையை நீட்டி, அந்த ஓட்டத்தை ஒரு தடவை வாசித்தாள். ஒவ்வொரு ஆக்டேவுக்கும் கையைப் பிய்த்துக்கொண்டுதான் வாசித்தாள், ஆனால் வந்துவிட்டது. பிறகு என் தோளைத் தொட்டு, "பரவாயில்ல மாஸ்டர். உங்க விரல் மரத்துப்போச்சு, அவ்ளோதான், அஷ்டே. இதை நானே பாத்துக்கறேன்" என்றாள்.

கர்வமாகச் சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இரக்கத்தோடு சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா படுக்கையில் கிடக்கிறவர்களிடம் பேசுகிற தொனி அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் தேவராஜ மொஹல்லாவுக்குக் காய்கறி வாங்கப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள டயர் கடையில், சக்கரத்துக்கு எடை சரிபார்க்கப் பதிக்கிற ஈயத் துண்டுகள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பியானோக் கட்டை என்பது குழந்தைகள் ஏறி ஆடுகிற சாய்ந்தாடும் பலகை மாதிரி. இந்த முனையை விரல் அமுக்கினால் உள்ளே இருக்கிற அந்த முனை எழும்பி, சுத்தியலைத் தள்ளும். அந்த முனையில் ஈயத்தை ஒட்டினால் இந்த முனையில் விரல் அவ்வளவு பலமாக அமுக்கவேண்டும். முன்பலகையைக் கழற்றினால் பத்து நிமிட வேலை. எல்லாக் கட்டைக்கும் நான் வைக்கவில்லை. அந்தப் பாட்டில் சுண்டுவிரல் விழுகிற மேல் ஸ்தாயிக் கட்டைகளுக்கு மட்டும் வைத்தேன். மற்ற பிள்ளைகள் ஆரம்பப் பாடம் படிக்கிறவர்கள், நடுப்பகுதியைத் தாண்டி அவர்கள் கை போகாது. அதனால் அவர்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. யாருக்கும் அநாவசியத் தொந்தரவு கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

கைக்கு வலு வரட்டும் என்று வைத்தேன். தசரா குஸ்திக்கு வருகிற பயில்வான்கள் கர்லாக்கட்டை சுற்றுவதில்லையா? கனத்தில் பழகினவனுக்கு மேடையில் எல்லாம் லேசாக இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடை மழையும் பிடித்துக்கொண்டிருந்ததால் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "மேல்கட்டை எல்லாம் பாரமா இருக்கே மாஸ்டர்" என்றாள். மழை என்றேன்.

ஆடியில் சுண்டுவிரல் வலிக்கிறது என்றாள். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை வரை ஏறியது. ஒரு நாள் ஜேன் டியூட்டி உடுப்போடே வந்தாள், மகளின் கையைப் பிடித்து என்னிடம் காட்டினாள்.

"வீக்கமா இருக்குதுங்க மாஸ்டர். ரெண்டு வாரம் கைக்கு ரெஸ்ட் குடுத்துப் பாக்கலாமுங்களா? எங்க வார்டுல இப்பிடி வந்தா கட்டுப்போட்டு அசையாம வெச்சிருவோமுங்க."

"அது நோயாளிக்கும்மா. எட்டாவது கிரேடு வாசிக்கிறவங்க எல்லாருக்கும் இந்த வீக்கம் வந்துதான் போகும். வரலைன்னாதான் நான் பயப்படுவேன்."

"நெசமாங்க?"

"எனக்கும் வந்துச்சு. இப்ப விட்டா இதுவரைக்கும் பழகினது எல்லாம் வீணாப்போகும். வலிக்கு ஏதாவது மாத்திரை இருந்தா குடுங்க, போதும்."

யோசித்துப்பாருங்கள் ஃபாதர். வீங்கின கையைத் தினமும் பார்க்கிற நர்ஸ். வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டாள், கட்டுப்போட்டு வீட்டில் உட்காரவைத்திருப்பாள். சங்கீத விஷயம், மாஸ்டருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வலி மாத்திரை கொண்டுவந்தாள். காலையில் வாசிக்கப் போகுமுன் ஒன்று, மாலையில் ஒன்று, தன் கையாலேயே கொடுத்தாள். வலி தெரியாமல் போனதால் நிக்கோல் முன்னைவிட அதிகநேரம் வாசித்தாள். அதில் ஜேனின் பங்கும் இருக்கிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீக்கத்தைப் பார்த்த பிறகு இன்னும் ஒரு வரிசை ஈயம் வைத்தேன்.

நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறீர்கள். கை கெட்டுப்போகும் என்று உமக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். நான் படித்த காலத்தில் என்னோடு படித்த ஒருவனுக்கு, தாங்கமுடியாத பாட்டை வம்படியாக வாசித்து, இதேபோல் கை போயிற்று. முதலில் சுண்டுவிரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. அதற்குப் பிறகு விரல் மடங்கிக்கொண்டு திரும்பாது. அந்த வரிசை எனக்குத் தெரிந்ததால்தான் ஆடியில் அவள் மணிக்கட்டு என்று சொன்னபோது எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்தது. அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் அவள் வந்து உட்கார்ந்து, நான் தேறாத இடத்தைத் தாண்டி வாசித்தாள். அந்த வலியோடும் அந்தக் கனத்தோடும் தாண்டி வாசித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவனை நீங்கள் கொஞ்சம் நினைத்துப்பார்க்கவேண்டும்.

தசரா முடிந்த கையோடு பரீட்சை. பெங்களூருக்கு நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். கதவுக்கு வெளியே பெஞ்சில் ஜேன் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஏ பட்டியல் பாட்டும் பி பட்டியல் பாட்டும் கேட்டன. இவ்வளவு அழகாக என் மாணவர் யாரும் வாசித்ததில்லை, சொல்லிவிடுகிறேன். அப்புறம் சி பட்டியல். அங்கே இருந்தது நல்ல பியானோ, கட்டைகள் பஞ்சுபோல். கனத்துக்குப் பழகின கை அங்கே அளவு தெரியாமல் விழுந்தது. முதல் ஆக்டேவே அடித்த மாதிரி கேட்டது. ஓட்டத்தின் இரண்டாவது வரியில் நின்றுபோனது. பரீட்சகர் ஏதோ சொன்னார், மறுபடி தொடங்கச் சொல்லியிருப்பார். அவள் தொடங்கினாள், நின்றாள். வெளியே வந்தபோது வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. ஜேன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டன.

டாக்டர்கள் நரம்பு என்றார்கள், தசைநார் என்றார்கள். காப்பி டம்ளரைக்கூட அவளால் அந்தக் கையால் பிடிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், நற்கருணைக்கு இடது கையை நீட்டுகிறாள். குன்னூர்க்காரர்கள் வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நான் அவளைக் கைவிடவில்லை. என் வீட்டிலேயே ஆரம்பப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தேன். இடது கையால் சொல்லித்தருகிறாள், பொறுமையாகச் சொல்லித்தருகிறாள், பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்கு நீங்களே வந்து என்னைக் கூப்பிட்டீர்கள். நான் மறுக்காமல் வந்தேன். எல்லாம் பழையபடி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஈயத்தை ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அந்தப் பக்கத்துக் கட்டைகளைத் தொட இந்த வீட்டில் இனி யாரும் இல்லை. இந்த மழைக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டை பாரமாகிவிடுமே என்று நிக்கோல்தான் தன் சம்பளத்தில் பசவராஜை வரவழைத்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, என் பிறந்தநாளுக்கு என்று வைத்திருந்தாளாம். தங்கமான பெண்.

அவளுக்குச் சொல்லவேண்டும் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வருவாள், இங்கேயே உட்கார்ந்திருந்து சொல்லுங்கள். போலீசுக்குப் போவதென்றாலும் நான் செருப்பு மாட்டிக்கொண்டு கூடவே வருகிறேன். சொல்லுமுன் ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் இருவருக்கும் இடையில் அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம்.

பெங்களூரிலிருந்து திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். ஜேன் ஆட்டோ பிடிக்கப் போனாள். அவள் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு நிக்கோல் என் பக்கம் திரும்பினாள். கை அம்மாவின் துண்டுக்குள் சுற்றியிருந்தது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிக்குடுத்தீங்க மாஸ்டர். நான்தான் சரியா பழகல. உங்க பேரைக் கெடுத்துட்டேன். க்ஷமிச்சிடுங்க."

நான் அவள் தலையில் கை வைத்து மன்னித்தேன், ஃபாதர். மனதார மன்னித்தேன். இன்றுவரை ஒரு தடவைகூட அதை நான் அவளுக்குச் சொல்லிக்காட்டியதில்லை.